ஃப்ளோரிடாவில் ஒரு நாள்: அனிமல் கிங்டமா, புஷ் கார்டன்ஸா? காலையில் முதலில் எங்கே?

ஆர்லாண்டோவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் எதைக் கழிக்கலாம் என்று யோசிக்கும்போது முதலில் அடிபடும் பெயர் அனிமல் கிங்டம். "மிருகக்காட்சிசாலைதானே, வண்டலூரில் பார்க்காததா?" என்பார் ஒருவர். "ரைடுகள் கம்மி, அரை நாளில் முடிந்துவிடும்" என்பார் இன்னொருவர். இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பதினோரு மணிக்கு ஆற அமர உள்ளே நுழைகிறார்கள். அவதார் படத்தை வைத்துக் கட்டிய பாண்டோரா பகுதியின் ரைடு வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். உச்சி வெயிலில் விலங்குகளைப் பார்க்கும் சஃபாரி வண்டியில் போய்த் தூங்கும் சிங்கத்தைப் பார்க்கிறார்கள். சொன்னது சரிதான் என்று திரும்பி வருகிறார்கள். பூங்காவில் குறை ஒன்றும் இல்லை. எதை எப்போது செய்வது என்ற முடிவுகள்தான் தலைகீழாகப் போய்விடுகின்றன.

1998 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று திறந்த பூங்கா இது. சுமார் 580 ஏக்கர். டிஸ்னியின் பூங்காக்களில் பரப்பளவில் இதுதான் பெரியது. ஆனால் அந்த இடத்தில் பெரும்பங்கு விலங்குகளுக்கும் மரங்களுக்கும் போயிருக்கிறது. சஃபாரி மட்டுமே 110 ஏக்கர். அதனால் எத்தனை ரைடு ஏறினோம் என்று எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இங்கே கணக்கு உதைக்கும். போதாக்குறைக்கு, பழைய டைனோலேண்ட் பகுதியை 2025 ஜனவரியிலிருந்து படிப்படியாக மூடிவிட்டு, வெப்பமண்டல அமெரிக்காவை வைத்து ஒரு புதிய பகுதி கட்டுகிறார்கள். 2027இல் திறப்பதாக அறிவிப்பு. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, டைனோசர் ரைடு இருக்கிறது என்று குழந்தையிடம் ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள்.

எந்தப் பூங்கா?

விலங்கும் வேண்டும், ரைடும் வேண்டும் என்றால் ஃப்ளோரிடாவில் இன்னொரு இடமும் உண்டு. டாம்பாவில் 1959 முதல் இயங்கும் புஷ் கார்டன்ஸ். டிஸ்னி பக்கத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கேயும் ஆப்பிரிக்கச் சமவெளி போல 65 ஏக்கரில் ஒரு திடல் இருக்கிறது, ரயிலில் சுற்றி வரலாம். லாரியில் உள்ளே போய் ஒட்டகச்சிவிங்கிக்குத் தழை கொடுக்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம். டிக்கெட் விலை பொதுவாக டிஸ்னியைவிடக் குறைவு.

ஆனால் புஷ் கார்டன்ஸின் உயிர் ரோலர்கோஸ்டர்களில்தான் இருக்கிறது. 2022இல் வந்த அயர்ன் குவாசி 206 அடி உயரம், மணிக்கு 76 மைல் வேகம். ஷீக்ரா என்று ஒன்று, 200 அடி உச்சியின் விளிம்பில் சில நொடி நிறுத்தி வைத்துவிட்டுச் செங்குத்தாக இறக்கும். முதலாவதற்கு 48 அங்குல உயரம் (122 செ.மீ.) வேண்டும், இரண்டாவதற்கு 54 அங்குலம் (137 செ.மீ.). அனிமல் கிங்டமில் ரோலர்கோஸ்டர் என்று சொல்லிக்கொள்ள எவரெஸ்ட் ஒன்றுதான். பனிமலைக்குள் ஏறி, தண்டவாளம் அறுந்து கிடப்பதைக் காட்டிவிட்டு, இருட்டில் பின்னோக்கி ஓடும். நல்ல ரைடுதான், ஆனால் அதன் பெரிய இறக்கமே 80 அடிதான். வீட்டில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கு வேகம்தான் வேண்டும் என்றால், நேராக டாம்பாவுக்குப் போங்கள். இரண்டாவது யோசனையே வேண்டாம்.

எட்டு வயதுக்குக் கீழே ஒரு குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா என்று போகிறீர்களா? அப்போது அனிமல் கிங்டம்தான். காரணம் எளிது. சஃபாரி வண்டிக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. மூன்று வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே காண்டாமிருகத்தைப் பார்க்கலாம். டாம்பாவில் பாதிப்பேர் ரைடு ஏற, மீதிப்பேர் கீழே பை காத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு அது ஒரு முழு நாள் வீண்.

சாப்பாடும் இந்த முடிவில் சேர்த்தி. டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு எடுத்துப் போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. தயிர்சாதமும் ஊறுகாயும் பிளாஸ்டிக் டப்பாவில் தாராளமாக உள்ளே போகும். புஷ் கார்டன்ஸில் வெளிச் சாப்பாட்டுக்குக் கெடுபிடி அதிகம். கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு நாள் டிக்கெட்டுக்குப் பணமோ நேரமோ இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. பூங்காவுக்கு அருகில் இருக்கும் அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் சானா என்ற உணவகம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். பூங்கா டிக்கெட் வேண்டாம், விடுதியில் தங்கவும் வேண்டாம், முன்பதிவு செய்தால் போதும். சமையலில் ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்திருக்கும். நான் ரொட்டி, பப்படம், ராய்தா, மாம்பழச் சட்னி என்று ஒரு ரொட்டித் தட்டு வரும். சைவக்காரர்களுக்கு டிஸ்னி வட்டாரத்தில் இதைவிட நிம்மதியான மேசை அபூர்வம். பூங்காவுக்கு ஈடாகாது, ஆனால் ஒரு மதியத்துக்கு இது நிறைவு.

காலையில் சஃபாரியா, பாண்டோராவா?

அனிமல் கிங்டம் என்று முடிவாகிவிட்டால், அந்த நாள் எப்படிப் போகும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வி தீர்மானித்துவிடும்.

2017இல் திறந்த பாண்டோரா பகுதியில் இரண்டு ரைடுகள். ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் என்பது பறக்கும் அனுபவம் தரும் ரைடு. மோட்டார் சைக்கிளில் உட்காருவது போல முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், பின்னாலிருந்து முதுகையும் கெண்டைக்காலையும் பிடித்துக்கொள்ளும். பிறகு முப்பரிமாணக் கண்ணாடியோடு மலையிலிருந்து கடல்வரை ஒரு பாய்ச்சல். கால்களுக்கு நடுவே இருக்கை மூச்சு விடுவது போல விம்மித் தாழும், அலை தெறிக்கும் இடத்தில் முகத்தில் ஈரம் படும். உலகத்திலேயே சிறந்த ரைடுகளில் ஒன்று என்று சொல்லத் தயங்க மாட்டேன். கூட்ட நாளில் காத்திருப்பு ஒன்றரை மணி, இரண்டு மணி என்று ஏறுவது சாதாரணம். இன்னொன்று, நவி ரிவர் ஜர்னி என்ற படகுச் சவாரி. அழகுதான், ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல்முறை போகிறவர்கள் பாண்டோராவில்தான் இருக்கிறோமே என்று இதற்கும் ஒரு மணி நேரம் நின்றுவிடுகிறார்கள். அரை மணிக்குள் கிடைத்தால் ஏறுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சஃபாரிக்கும் வரிசை உண்டு. ஆனால் வரிசை நீளத்தைவிட முக்கியம், போகும் நேரம். திறந்த வண்டியில் சுமார் இருபது நிமிடம். காலையின் குளிரில் விலங்குகள் நடமாடும், இரை எடுக்கும். சிங்கம் பாறைமேல் தலை தூக்கிப் பார்ப்பதைக் காண அதுதான் நேரம். பதினொன்றுக்கு மேல் ஃப்ளோரிடா வெயிலில் அவை நிழல் தேடிப் படுத்துவிடும். நாம் மட்டும் வண்டியில் வேர்த்துக்கொண்டு போவோம். வேலி எதுவும் கண்ணில் படாதபடி அகழிகளை மறைத்து அமைத்திருக்கிறார்கள், அதனால் சிங்கமும் மானும் ஒரே வெளியில் இருப்பதாகவே தோன்றும். ஒட்டகச்சிவிங்கி பாதையை மறித்து நின்றால் வண்டியும் நிற்கும், அது நகர்கிறவரை யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அப்படி நின்ற வண்டியின் பக்கத்தில் தலையைத் தாழ்த்தித் தழை மெல்லும்போது, கருநீல நாக்கு கிளையைச் சுற்றி வளைத்து இழுப்பது கையெட்டும் தூரத்தில் தெரியும். திரையில் எவ்வளவு தத்ரூபமாகப் பறந்தாலும் இந்தப் பார்வை கிடைக்காது.

அப்படியானால் எது முதலில்? நீங்கள் எங்கே தங்குகிறீர்கள், கூட யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்களுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே பூங்காவுக்குள் விடுவார்கள். அந்த நேரத்தில் பாண்டோரா ஓடும், சஃபாரி வழக்கமாகத் தொடங்கியிருக்காது. ஆகவே அவர்களுக்குக் குழப்பமே இல்லை: விழுந்தடித்துப் போய் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் முடித்துவிட்டு, அங்கிருந்து நேராக ஆப்பிரிக்கப் பகுதிக்கு நடந்து சஃபாரி. நடுவில் காப்பிக்கு நிற்கக்கூடாது.

வெளியே தங்குகிறவர்கள் அதிகாலையில் வாசலில் நின்று, கதவு திறந்ததும் பாண்டோராவுக்கு ஓடினால் என்ன ஆகும்? விடுதிக்காரர்கள் ஏற்கெனவே வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் நின்றால் விலங்குகளின் நல்ல நேரம் முழுவதும் வரிசையிலேயே கரைந்துவிடும். இவர்களுக்கு என் பரிந்துரை சஃபாரிதான் முதலில், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல். மற்றவர்கள் எல்லாம் பாண்டோரா பக்கம் ஓடும் நேரத்தில் சஃபாரி வரிசை குறைவாக இருக்கும். ஃப்ளைட் ஆஃப் பாசேஜை மாலையில், மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரிசையில் சேர்ந்து முடித்துக்கொள்ளலாம். மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நுழைந்துவிட்டால் வழக்கமாக ஏற்றிவிடுவார்கள்.

குழந்தை 44 அங்குலத்துக்கு (112 செ.மீ.) கீழே என்றால் ஃப்ளைட் ஆஃப் பாசேஜும் எவரெஸ்டும் அதற்கு இல்லை. வீட்டிலேயே செருப்பு போட்டு அளந்து பாருங்கள், அரை அங்குலம் குறைந்தாலும் வாசலில் திருப்பிவிடுவார்கள். அங்கே போய் அழவைப்பதைவிட முன்கூட்டிச் சொல்லிப் பழக்குவது நல்லது. பெரியவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை: ரைடர் ஸ்விட்ச் என்று கேட்டால், ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் போய்வந்ததும் இவர் முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். ஊழியரிடம் வரிசை தொடங்கும் இடத்திலேயே கேட்க வேண்டும்.

பருத்த உடம்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ளைட் ஆஃப் பாசேஜின் கால்பிடி சிலருக்குப் பூட்டாது. வரிசைக்கு வெளியிலேயே உட்கார்ந்து பார்க்க ஒரு மாதிரி இருக்கை வைத்திருக்கிறார்கள். நூறு பேர் முன்னால் இறங்கி வருவதைவிட அங்கே பார்த்துக்கொள்வது மனசுக்கு நல்லது. தலைசுற்றல் உள்ளவர்கள் இந்த ரைடை யோசித்து ஏற வேண்டும்.

வரிசைக்குக் காசு கொடுக்கலாமா?

டிஸ்னியில் வரிசையைக் குறுக்க விற்கும் சீட்டுகளில் முக்கியமானவை இரண்டு. மல்டி பாஸில் சஃபாரி, எவரெஸ்ட், நவி படகு போன்றவை வரும். ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கு மட்டும் தனியாகச் சிங்கிள் பாஸ். இரண்டுக்கும் விலை நாளுக்கு நாள் மாறும். விடுதியில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்னதாக வாங்கலாம், மற்றவர்கள் மூன்று நாள் முன்னதாக.

நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டையும் வாங்கினால் செலவு கனக்கும். இந்தப் பூங்காவில் மல்டி பாஸ் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வரிசை நீளும் இடங்களே நாலைந்துதான், அவற்றில் சஃபாரியைக் காலையிலேயே முடித்துவிடலாம். எவரெஸ்டில் தனியாக ஏறுகிறவர்களுக்கு வேறு வரிசை உண்டு. குடும்பம் பிரிந்து உட்காரச் சம்மதித்தால் அது வேகமாக நகரும். சிங்கிள் பாஸ் வேறு விஷயம். வெளியே தங்கி, 112 செ.மீ.க்கு மேலுள்ள பிள்ளைகளோடு போகிறவர்கள் காசு செலவழிக்க ஓரிடம் உண்டென்றால் அது இதுதான். அதை மதியத்துக்கு வாங்கிவிட்டால் காலை முழுவதும் விலங்குகளுக்கு. பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நாட்களில் மட்டும் மல்டி பாஸையும் யோசிக்கலாம்.

அரை நாளா, முழு நாளா?

பார்க் ஹாப்பர் டிக்கெட் இருந்தால் ஒரே நாளில் இன்னொரு பூங்காவுக்கும் போகலாம், 2024 ஜனவரியிலிருந்து அதற்கு மணிக் கட்டுப்பாடும் இல்லை. அதனால்தான் காலையில் இங்கே, மதியம் டிஸ்னியின் எப்காட் பூங்கா என்று திட்டம் போடுகிறார்கள். ரைடு மட்டும் போதும் என்பவர்களுக்கு அது ஒத்துவரும். ஆனால் அப்படிப் போகிறவர்கள் தவறவிடுவது எதை என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். தவறவிடுவது நடைபாதைகளை.

சஃபாரி முடிந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொரில்லா ஃபால்ஸ் பாதை தொடங்குகிறது. பாதிப்பேர் அது வெளியேறும் வழி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உள்ளே நீர்யானையைத் தண்ணீருக்குள்ளிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கொரில்லாக்கள் இரண்டு கூட்டமாக இருக்கின்றன: முதுகு வெளுத்த தலைவனும் குட்டிகளுமாக ஒரு குடும்பம், தனியாக இளவட்ட ஆண்கள் ஒரு கூட்டம். சஃபாரியில் எல்லாம் ஓடும் வண்டியிலிருந்து பார்த்தது. இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

ஆசியப் பகுதியில் மகாராஜா ஜங்கிள் ட்ரெக். இடிந்த அரண்மனைபோல் கட்டிய சுவர்களுக்கு நடுவே புலிகள். அதற்கு முன்னால் பழந்தின்னி வௌவால்களின் கூடம். அதில் ஒரு பக்கம் ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. இறக்கையை விரித்தால் ஐந்தடிக்கு மேல் வரும் வௌவால், நம் எதிரே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழத்துண்டைப் பிடித்துச் சப்பும், காது திரும்பித் திரும்பி நம் பேச்சைக் கேட்கும். பயப்படுகிறவர்களுக்கு உள்ளே போகாமலே கடக்க வழி இருக்கிறது. கிண்டியிலும் கோடிக்கரையிலும் தூரத்தில் பார்த்த வெளிமானை இங்கே பக்கத்தில் பார்க்கலாம். எவரெஸ்டுக்குப் போகும் வழியில் கோயில் கோபுரம்போல் எழுப்பிய தூண்களில் கிப்பன், சியாமங்கு என்ற வாலில்லாக் குரங்குகள் தொங்கும். சியாமங்கு கத்தத் தொடங்கினால் தொண்டைப் பை பலூனாய் உப்பும், சத்தம் பூங்காவின் அந்தப் பகுதி முழுவதும் கேட்கும். ஒலிபெருக்கி என்று நினைத்து நடந்துவிடாதீர்கள்.

வாசலைத் தாண்டியதும் வரும் ஒயாசிஸ் தோட்டத்தையும் எல்லோரும் ஓடியே கடக்கிறார்கள். காலையில் ஓடத்தான் வேண்டும். திரும்பி வரும்போது நின்று, எறும்புதின்னியைத் தேடுங்கள்.

என் கருத்தில், பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போனால் முழு நாள் கொடுக்க வேண்டும், ஹாப்பருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம். ரைடு மட்டும் தேடும் இளைஞர்களுக்கு மதியம் இரண்டு மணி வரை போதும்.

வெயில், மழை, பெரியவர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வருவது பெரும்பாலும் ஜூன், ஜூலையில். அப்போது ஃப்ளோரிடாவில் மதியம் இடிமழை ஏறக்குறைய தினசரி வாடிக்கை. மின்னல் வந்தால் எவரெஸ்ட் போன்ற திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வெளிப்புறம் எல்லாம் காலையில், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை குளிரூட்டிய அரங்குகளில். லயன் கிங் நிகழ்ச்சி அரை மணி நேரம், பாட்டும் கழைக்கூத்தும் நெருப்பு விளையாட்டும் கண் முன்னால் நடக்கும். தாத்தா பாட்டிக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. கடைசி நிமிடத்தில் போனால் ஓரத்து இருக்கைதான் கிடைக்கும், கால் மணி முன்னால் போங்கள்.

சஃபாரி வண்டி நன்றாகக் குலுங்கும். முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை மனதில் வைக்க வேண்டும். முட்டிவலிக்காரர்களை "கொஞ்சம் நடந்துவிடலாம்" என்று இழுத்துப் போகாதீர்கள், இடம் பெரியது. வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது, சஃபாரியில் அதோடு ஏறும் வசதியும் உண்டு. காளி ரிவர் ரேபிட்ஸ் படகு ஆளை முழுக்க நனைத்துவிடும். நனைந்த ஜீன்ஸோடு மீதி நாள் நடப்பதைவிட, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது மாற்றுத்துணி எடுத்துப் போங்கள்.

விலங்குகளின் பாதுகாப்புக்காக இங்கே பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தருவதில்லை, பலூனும் கூடாது. சிறு குழந்தைக்கு மூடி போட்ட சொந்தக் குவளை இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பானம் ஊற்றித் தரும் கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

மழை விட்டதும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் கிளம்பாமல் இரண்டாவது முறை சஃபாரிக்குப் போங்கள். வெயில் தணிந்து, மதியம் படுத்திருந்தவை எழுந்து நடக்கும், கண்ணில் படும் விலங்குகளும் மாறும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் இதை நாலு மணிக்கு முன்பே செய்துவிட வேண்டும், இருட்டுவதற்கு முன்னால் சஃபாரியை மூடிவிடுவார்கள். ஆனால் அவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. கோடையில் பூங்கா மூடும்போதும் வெளிச்சம் மிச்சமிருக்கும். குளிர்காலத்தில் ஐந்தரை, ஆறுக்கே இருட்டிவிடுவதால் பாண்டோராவின் செடிகளும் தரையும் ஒளிர்வதைப் பார்த்துவிட்டே வெளியேறலாம். அந்த மாதங்களில் ஃப்ளைட் ஆஃப் பாசேஜைக் கடைசிக்கு வைப்பதுதான் சரி.